பெயர் மாறி வரும் நித்திரைக் குளிசைகள்

பென்சோடயசபீன் குடும்பத்து மருந்துகள் யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளில் நாளாந்தம் பாவிக்கப்படுபவை. நிற்காமல் தொடரும் வலிப்பை அடக்க நாளத்தில் ஏற்றப்படும் டயசபாம், சத்திரசிகிச்சைக்கு முன் பதற்றம் தணிக்கும் மிடசோலம், மனநலப் பிரிவில் குறுகிய காலத்துக்கென எழுதப்படும் குளோனசபாம், அல்பிரசோலம் எல்லாம் இதற்குள் அடங்கும். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிகொல்லியைக் குடித்தவருக்கு வலிப்பு வந்தால் தாதியர் எடுத்துக் கொடுப்பதும் டயசபாம் ஊசிதான். சனங்கள் இவற்றைப் பொதுவாக நித்திரைக் குளிசை என்பார்கள். இதே குடும்பத்து மூலக்கூறில் ஓர் அணுவையோ ஒரு வளையத்தையோ மாற்றி, மருந்தாகப் பதிவு செய்யாமல், இணையம் வழியாகவும் களவுச் சந்தையிலும் விற்கப்படும் சரக்குகளுக்கு டிசைனர் பென்சோடயசபீன்கள் என்று பெயர். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல உயிர்களைக் குடித்திருக்கின்றன. இவற்றைத் தடை செய்வதைவிட அடையாளம் காண்பதே கடினமாக இருக்கிறது. தேடத் தெரிந்த பொருளைத்தான் ஆய்வுகூடத்தால் கண்டுபிடிக்க முடியும். இந்த வியாபாரம் தழைப்பதும் அதனால்தான்.

இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து தற்செயலாகக் கிடைத்தது. ஹொஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் நியூஜேர்சி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய லியோ ஸ்ரேர்ன்பாக் 1950களின் நடுப்பகுதியில் ஒரு தொகுதிச் சேர்வைகளைச் செய்து பார்த்துவிட்டு, பயனில்லை என்று கைவிட்டிருந்தார். 1957இல் மேசையைத் துப்புரவு செய்தபோது மிஞ்சியிருந்த ஒரு பளிங்குத் தூளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது விலங்குகளை மயக்காமலே அமைதிப்படுத்தியது. குளோர்டயசபொக்சைட் எனப்படும் அந்தப் பொருள் 1960இல் லிபிரியம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1963இல் டயசபாம், வலியம் என்ற பெயரில் வந்தது. அதற்கு முன் நித்திரைக்குக் கொடுக்கப்பட்ட பார்பிற்றூரேற்றுகள் அளவு சற்றுக் கூடினாலே மூச்சை நிறுத்திவிடும். அவற்றோடு ஒப்பிட்டால் புதியவை பெரிய முன்னேற்றம். ஆனால் நாட்பட எடுத்தவரால் இவற்றை இலகுவில் விட முடியாது என்பது பிறகுதான் தெரியவந்தது. 1984இல் 33 பென்சோடயசபீன்கள், உளத்தூண்டற் பொருட்கள் தொடர்பான 1971ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 4ஆம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

மூளையில் காபா என்றொரு நரம்புச் செலுத்தி உண்டு. நரம்புக் கலங்களின் வேகத்தை அடக்குவதே அதன் வேலை. அது தன் வாங்கியில் போய் ஒட்டும்போது அந்த வாங்கியின் நடுவிலுள்ள வழி திறந்து குளோரைட்டு அயன்கள் கலத்துக்குள் புகுகின்றன, கலம் அடங்குகிறது. பென்சோடயசபீன் அதே வாங்கியில் வேறோரிடத்தில் ஒட்டி, அந்த வழி அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. காபா இல்லாமல் பென்சோடயசபீன் தனியே எதையும் திறந்துவிடாது. தனியாக எடுத்த பென்சோடயசபீன் பார்பிற்றூரேற்றைப் போல எளிதில் கொல்லாமைக்கு இதுவே காரணம். அதோடு சாராயமோ ஹெரோயினோ சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லாமற்போகும்.

மூலக்கூறின் அடிப்படை அமைப்பு ஒரு பென்சீன் வளையம், அதனோடு ஒட்டியபடி இரண்டு நைதரசன் அணுக்களைக் கொண்ட ஏழணு வளையம், அந்த ஏழணு வளையத்தில் தொங்கும் இன்னொரு பென்சீன் வளையம். முதல் வளையத்தில் குறித்த ஓரிடத்தில் குளோரீன், புரோமீன் அல்லது நைத்திரோக் கூட்டம் இருந்தால் மருந்து வேலை செய்கிறது. தொங்கும் வளையத்தில் புளோரீனோ குளோரீனோ சேர்ந்தால் வீரியம் கூடுகிறது. ஏழணு வளையத்தோடு திரையசோல் என்ற சிறு வளையத்தை ஒட்டினால் இன்னும் கூடுகிறது. அல்பிரசோலம் அப்படிப் பிறந்ததுதான். மாற்றக்கூடிய இடங்கள் சிலவே என்றாலும் அவற்றைச் சேர்க்கும் விதங்கள் பல. அல்பிரசோலத்தின் குளோரீனை எடுத்துவிட்டுப் புரோமீனை வைத்தால் அது புரோமசோலம். அல்பிரசோலத்துக்கே புளோரீன் ஒன்றைச் சேர்த்தால் புளுஅல்பிரசோலம். குளோனசபாமுக்குத் திரையசோல் வளையம் பூட்டினால் குளோனசோலம்.

டிசைனர் என்ற பெயரைக் கேட்டால், யாரோ ஒரு கெட்டிக்கார இரசாயனவியலாளர் இரகசியமாக இருந்து இவற்றைக் கண்டுபிடிக்கிறார் என்று தோன்றும். உண்மை அப்படியல்ல. இவற்றிற் பெரும்பாலானவை 1960களிலும் 1970களிலும் பெரிய மருந்து நிறுவனங்கள் செய்து பார்த்து, விலங்குகளில் சோதித்து, ஏதோ காரணத்தால் மருந்தாக்காமல் விட்டவை. டைகிளசபாமை ஸ்ரேர்ன்பாக்கின் குழுவே 1960இல் செய்திருந்தது. மெக்குளோனசபாமை ரோஷ் நிறுவனம் சிஸ்ரொசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவுக்கு மருந்தாகச் சோதித்தது. அதனால் வந்த நித்திரை மயக்கம் பெரிய தடையாகிவிட்டது. அந்தப் பழைய காப்புரிமைப் பத்திரங்களும் ஆய்வுக் கட்டுரைகளும் எவரும் வாசிக்கக்கூடியவை. களவாகச் செய்பவருக்கு வேண்டிய பட்டியல் அரை நூற்றாண்டாக நூலகங்களில் கிடந்தது. மனிதரில் ஒருமுறையும் முறையாகச் சோதிக்கப்படாத பொருள், அந்தப் பட்டியலிலிருந்து நேரே கிலோக் கணக்கில் பொதிக்குள் போகிறது.

முதலில் வந்தவை ஏதோ ஒரு நாட்டில் மருந்தாக இருந்தவை. 1970களில் சோவியத் ஒன்றியத்தில் உருவான பீனசபாம் மேற்கு நாடுகளின் அட்டவணைகளில் இல்லாததால் அங்கே வெளிப்படையாக விற்கப்பட்டது. ஜப்பானிலும் இந்தியாவிலும் இத்தாலியிலும் வைத்தியர் எழுதிக் கொடுக்கும் எற்றிசோலமும் அதே வழியில் போனது. 2012இல் பிரசோலம் இணையக் கடைகளில் தோன்றியபோது நிலைமை வேறாகிவிட்டது. அது எந்த நாட்டிலும் மருந்தாக இருந்ததில்லை. அதன் பின்னால் புளுபுரோமசபாம், டைகிளசபாம், குளோனசோலம், புளுபுரோமசோலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆராய்ச்சிக்கான இரசாயனம், மனித நுகர்வுக்கு அல்ல என்று பொதியில் ஒரு வரி அச்சிட்டு விற்றார்கள். ஒன்றைத் தடை செய்தால் அடுத்தது தயாராக இருந்தது. பீனசபாம் 2016இலும், எற்றிசோலமும் புளுஅல்பிரசோலமும் 2020இலும், குளோனசோலம், டைகிளசபாம், புளுபுரோமசோலம் மூன்றும் 2021இலும், புரோமசோலம் 2024இலும் சர்வதேச அட்டவணையில் ஏறின. பொருள் சந்தைக்கு வந்ததற்கும் அட்டவணையில் ஏறியதற்கும் இடையில் எப்போதும் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இதற்குள் எவ்வளவு நாசம் நடக்கலாம் என்பதை ஸ்கொட்லாந்து காட்டுகிறது. அங்கே 2020இல் போதைப்பொருளால் இறந்தோர் 1,339 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மரணங்களில் தெருவில் வாங்கிய பென்சோடயசபீன் சம்பந்தப்பட்டிருந்தது. அவற்றுள் முதலிடம் எற்றிசோலத்துக்கு. வாங்கியவர் வலியம் என்று நினைத்து வாங்கிய நீலக் குளிசைக்குள் இருந்தது எற்றிசோலம். இறந்தவர்களிற் பெரும்பாலானோரின் உடலில் ஹெரோயினோ மெதடோனோ கூடவே இருந்தது.

யாழ்ப்பாணத்தவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள ரொறன்ரோவின் கதை சற்று வேறு. அந்த நகரில் 2019 ஒக்ரோபரில் தொடங்கிய போதைப்பொருள் பரிசோதனைச் சேவை, பாவிப்பவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் மாதிரிகளை வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் சோதித்து முடிவைச் சொல்கிறது. ஹெரோயின் இனத்தைச் சேர்ந்த பென்ரனில் என்று விற்கப்பட்ட தூளுக்குள் முதலில் எற்றிசோலமும் பிறகு புரோமசோலமும் கலந்திருப்பது இந்தச் சோதனைகளில் வெளிவந்தது. பென்ரனில் மயக்கத்துக்கு நலொக்சோன் மாற்று மருந்து. பென்சோடயசபீன் மயக்கத்தை அது தொடவே தொடாது. மூச்சு திரும்பிய பிறகும் ஆள் மணிக்கணக்கில் எழும்பாமற் கிடப்பது ஏன் என்ற கேள்விக்கு இந்தச் சோதனைகள்தான் பதில் கொடுத்தன.

2023 பெப்ரவரியில் சிக்காகோவில் மூன்று இளவயதினர் நினைவிழந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டனர். அல்பிரசோலம் என்று நம்பி எடுத்த குளிசைக்குள் இருந்தது புரோமசோலம். அவர்களிடம் வலிப்பும், மிகை உடல்வெப்பமும், இதயத் தசைப் பாதிப்பும் காணப்பட்டன. வலிப்பை அடக்குவதற்கென்றே பெயர்பெற்ற மருந்துக் குடும்பத்தில் ஒரு பொருளை எடுத்தவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. பழைய மருந்தைப் பற்றிய அறிவை வைத்துக்கொண்டு புதியதை மதிப்பிடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பழைய அறிவு ஏமாற்றும் இன்னொரு இடம் கால அளவு. புளுபுரோமசபாம் உடலில் பாதியாகக் குறைய நூறு மணித்தியாலங்களுக்கு மேல் எடுக்கும் என்று ஜேர்மனியின் பிரைபேர்க் ஆய்வாளர்கள் 2013இல் அறிவித்தனர். முதல் நாள் எடுத்ததன் பெரும்பகுதி மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடலில் இருக்கும்போதே இன்னொன்றை விழுங்குபவருக்குக் குவியும் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். குளோனசோலம், புளுபுரோமசோலம் போன்றவற்றிலோ அரை மில்லிகிராமே ஒருவரை ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோய், நடந்ததை மறக்கச் செய்யப் போதும். இவ்வளவு சிறிய அளவை மாவோடு சமமாகக் கலக்கப் பெரிய மருந்துத் தொழிற்சாலைகளே மிகவும் கவனம் எடுக்கின்றன. களவு அச்சில் அடித்த குளிசைகளில் ஒன்றுக்குள் எதுவும் இல்லாமலும் மற்றதற்குள் இரண்டு மடங்கும் இருக்கலாம்.

யாழ். குடாநாட்டில் பொலிஸார் கைப்பற்றும் போதைக் குளிசைகள் என்று செய்திகளில் அதிகம் அடிபடும் பெயர் பிரிகாபலின். அது பென்சோடயசபீன் அல்ல. நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் வைத்தியர் எழுதும் மருந்து. காபா வாங்கியைத் தொடாமல், நரம்புக் கலத்தின் கல்சியம் வழிகளில் வேலை செய்கிறது. ஆனாலும் அதன் கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துக் கடைக்கு உரிய ஒரு கூட்டுக்குளிசை அட்டையிலிருந்து பிரிக்கப்பட்டு, எண்ணி விற்கப்பட்டு, சாராயத்தோடோ ஹெரோயினோடோ சேர்த்து எடுக்கப்படும் சந்தை ஒன்று இங்கே இருப்பதை அது காட்டிவிட்டது. அந்தச் சந்தையில் வாங்குபவர் நிறத்தையும் வடிவத்தையும் விற்பவரின் சொல்லையும் மட்டும் நம்புகிறார். ஸ்கொட்லாந்தில் வலியத்தின் இடத்துக்கு எற்றிசோலம் வந்ததும் இப்படியான நம்பிக்கையின் மேல்தான். பென்சோடயசபீனுக்கான சிறுநீர்க் கீற்றில் பிரிகாபலின் அகப்படாது என்பதும் வைத்தியசாலைகளில் குழப்பத்தை உண்டாக்கக்கூடியது: ஆள் மயக்கத்தில் கிடப்பார், கீற்று ஒன்றுமில்லை என்று சொல்லும்.

அந்தக் கீற்றிலிருந்துதான் அடையாளம் காணும் வேலை தொடங்குகிறது. அதில் பிறபொருளெதிரி பூசப்பட்டிருக்கும். சிறுநீரில் மருந்தின் கழிவு போதிய அளவு இருந்தால் அது பிறபொருளெதிரியைப் பிடித்துக்கொள்ளும்; அப்போது நிறக்கோடு தோன்றாது. கோடு தோன்றினால் இல்லை, தோன்றாவிட்டால் உண்டு என்று வாசிக்க வேண்டும். வழமையான எல்லை மில்லிலீற்றருக்கு 300 நனோகிராம். சில வகைகளில் 200. இந்தக் கீற்றுகள் ஒக்சசபாம் போன்ற பழைய மருந்துகளின் கழிவுகளை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. புதியவற்றிற் சில அதே பிறபொருளெதிரியோடு ஒட்டும். சில அரைகுறையாக ஒட்டும். வீரியம் மிக்கவை மிகச் சிறிய அளவில் எடுக்கப்படுவதால் எல்லையையே எட்டாமற் போகலாம். உண்டு என்று காட்டினாலும் எது என்று கீற்று சொல்லாது. வலிப்போடு வந்தவருக்கு அவசரப் பிரிவில் டயசபாம் ஏற்றிய பிறகு எடுத்த சிறுநீர் உண்டு என்று காட்டுவதில் ஒரு பொருளும் இல்லை. இரத்தத்தையும் சிறுநீரையும் மருந்துக்கு முன் எடுத்து, நேரம் குறித்து, குளிரில் வைப்பது செலவே இல்லாத காரியம். பிறகு நடக்கும் எல்லா ஆய்வும் அதிலேயே தங்கியிருக்கிறது.

அடுத்த படி திணிவு நிறமாலை. மாதிரியை முதலில் வாயு அல்லது திரவ நிறப்பதிவியல் முறையால் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அயனாக்கி, அதன் திணிவை அளப்பார்கள். வாயு முறையில் சூடு அதிகம். சில பென்சோடயசபீன்கள் அந்தச் சூட்டில் சிதைந்து வேறொன்றாகத் தெரியும். அதனால் இப்போது திரவ முறையையே அதிகம் நம்புகிறார்கள். பல ஆய்வுகூடங்களில் இந்த இயந்திரம் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, அதிலுள்ள பொருள்களை மட்டும் தேடும்படி அமைக்கப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத புதிய பொருள் இயந்திரத்துக்கு ஊடாகவே போய்விடும். அறிக்கையில் எதுவும் காணப்படவில்லை என்று வரும்.

உயர் பிரிதிறன் இயந்திரங்கள் அப்படியல்ல. அவை உள்ளே வரும் எல்லாவற்றின் திணிவையும் பல தசமதானங்களுக்குத் திருத்தமாகப் பதிந்து வைக்கின்றன. அதிலிருந்து மூலக்கூறின் சூத்திரத்தைக் கணிக்கலாம். புரோமீன் உள்ள பொருள் இங்கே தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். இயற்கையில் புரோமீனுக்கு 79, 81 என்று இரண்டு சமதானிகள் ஏறத்தாழச் சம அளவில் உண்டு. குளோரீனுக்கு 35, 37 என்ற இரண்டு, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில். அல்பிரசோலத்தின் அயன் 309இல் உயர்ந்தும் 311இல் மூன்றில் ஒரு பங்காகவும் தெரியும். புரோமசோலம் 353இலும் 355இலும் ஒரே உயரத்தில் இரண்டு முனைகளாக நிற்கும். பார்த்தவுடன் புரோமீன் என்று சொல்லிவிடலாம். பதிந்து வைத்த தரவைப் பல மாதங்களுக்குப் பிறகும் திரும்பத் திறந்து, இன்று பெயர் தெரிந்த பொருள் அன்று இருந்ததா என்று தேடலாம். இதுவே இந்த முறையின் பெரிய பயன்.

ஆனால் திணிவு மட்டும் போதாது. ஒரு புளோரீன் அணு வளையத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைத் திணிவு சொல்லாது. மூலை மாறினாலும் நிறை ஒன்றே. அதற்குக் கருக் காந்தப் பரிவு முறை வேண்டும். அதற்குக் குளிசையோ தூளோ கண்ணுக்குத் தெரியும் அளவில் கிடைக்க வேண்டும். இரத்தத் துளியில் அது நடக்காது. பொலிஸார் பிடித்த பொருளும் வைத்தியசாலையில் எடுத்த இரத்தமும் ஒரே ஆய்வாளரின் மேசையில் சந்தித்தால்தான் பெயர் உறுதியாகும். பிறகு தூய மாதிரிப் பொருள் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி ஒப்பிட வேண்டும். சிறுநீரில் எதைத் தேடுவது என்பது தனிக் கேள்வி. ஈரல் மருந்தை மாற்றிவிடுவதால் மூலப்பொருள் அங்கே மிகக் குறைவாக இருக்கலாம். மனித ஈரற் கலங்களின் நொதியங்களோடு பொருளைக் குழாயில் சேர்த்து, பிறக்கும் கழிவுகளை முன்கூட்டியே அறிந்து வைப்பார்கள். டைகிளசபாம் உடலில் லொரசபாமாகவும் லொர்மெற்றசபாமாகவும் மாறும். இரண்டும் பதிவு பெற்ற மருந்துகள். மாற்றம் தெரியாத ஆய்வாளர் ஆள் எடுத்தது லொரசபாம் என்று எழுதிவிடக்கூடும்.

ஒரு நாட்டில் கிடைத்த நிறமாலை மற்ற நாட்டுக்குப் போய்ச் சேருவதற்கு ஐரோப்பாவில் 1997 முதல் முன்னெச்சரிக்கை வலையமைப்பு உண்டு. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத்துக்கான அலுவலகம் 2013 முதல் உலக அளவில் ஒன்றை நடத்துகிறது. டென்மார்க்கிலிருந்து நடத்தப்படும் ஹைரெஸ்என்பிஎஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பல நாட்டு ஆய்வுகூடங்கள் தாம் கண்ட திணிவுகளைப் பதிகின்றன.

இலங்கையில் கைப்பற்றப்படும் போதைப்பொருளும், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனையில் எடுக்கும் இரத்தமும் ஈரற் துண்டும், பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கே அனுப்பப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து அது ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். நீதிமன்றத்துக்கு வேண்டிய அறிக்கைக்கு அந்தத் தூரமும் காத்திருப்பும் பெரிய தடையல்ல. விடுதியில் கிடக்கும் நோயாளிக்கும், அதே தொகுதிக் குளிசையை அடுத்த கிழமை வாங்கப் போகிறவனுக்கும் அந்த விடை காலம் கடந்துதான் வரும். 1978 முதல் மருத்துவ பீடத்தையும், அதற்கு முன்பிருந்தே இரசாயனவியல் துறையையும் கொண்ட பல்கலைக்கழகம் உள்ள ஊர் யாழ்ப்பாணம். உறுதிப்படுத்தும் ஆய்வை வடக்கிலேயே செய்யும் வசதி வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல.

சட்டமும் பெயர்ப் பட்டியலிலேயே தங்கியிருக்கிறது. ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமின் தெருவுக்கு வந்து பல காலத்தின் பின்னரே, 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தத்தில் அது சேர்ந்தது. உலகமே அறிந்த ஒரு பொருளுக்கே இந்தத் தாமதம் என்றால், பெயரே புதிதாகக் கேட்கும் மூலக்கூறுகளுக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஊகிக்கலாம். தனித்தனிப் பெயராகச் சேர்க்காமல், அடிப்படை அமைப்பைச் சொல்லி ஒரு முழுக் கூட்டத்தையும் கட்டுப்படுத்தும் வழியைச் சில நாடுகள் எடுத்திருக்கின்றன.

பெயர் தெரியும்வரை சிகிச்சை காத்திருக்காது, காத்திருக்கவும் தேவையில்லை. எந்தப் பென்சோடயசபீன் என்றாலும் முதல் வேலை மூச்சுவழியைக் காப்பது. மயங்கியவரைப் பக்கவாட்டில் சரித்து, வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகாமல் பார்த்து, 1990 இலக்கத்தில் சுவசரிய அம்புலன்சை அழைக்க வேண்டும். நித்திரை கொண்டு எழும்பட்டும் என்று தனியே விட்டுவைப்பதே பல உயிர்களைப் பறிக்கிறது. புளுமசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. அதன் வேலை ஒரு மணித்தியாலம் அளவில் தீர்ந்துவிடும். நீண்ட காலம் நிற்கும் புதியவற்றில் நோயாளி மீண்டும் மயங்குவார். நாட்பட எடுத்தவருக்கு அதைக் கொடுத்தால் வலிப்பு வரக்கூடும். அதனால் வைத்தியர்கள் அதை அருமையாகவே எடுக்கிறார்கள். எஞ்சிய குளிசை, வெறும் அட்டை, கிழிந்த உறை எதுவென்றாலும் ஆளோடு சேர்த்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது பெரிய உதவி. பொலிஸ் பயத்தில் வீட்டார் அவற்றை மலசலகூடத்தில் போட்டுவிடுவது, ஆய்வாளருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தடயத்தை அழிப்பதாகும்.

நிறுத்தும் கட்டத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஹெரோயினைத் திடீரென விட்டவர் படும் வேதனை கொடியது என்றாலும் அது அரிதாகவே கொல்லும். பென்சோடயசபீனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து ஆள் இறக்கலாம். பிள்ளையைத் திருத்தவென்று அறையில் பூட்டி வைக்கும் பெற்றோருக்கும், விளக்கமறியலில் ஒருவரை ஏற்கும் அதிகாரிகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நீண்ட காலம் உடலில் நிற்கும் வகைகளில் வலிப்பு முதல் இரண்டு நாட்களில் வராமல் ஒரு கிழமை கடந்தும் வரலாம். அதற்குள் ஆபத்து நீங்கிவிட்டதென்று எண்ணிவிடுவார்கள். பாதுகாப்பான வழி, அளவு தெரிந்த டயசபாமுக்கு மாற்றி, கிழமைக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் படிப்படியாகக் குறைப்பது. அது வைத்தியரின் கண்காணிப்பில் நடக்க வேண்டிய வேலை. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உள்ள மனநலப் பிரிவுகளை இதற்கு நாடலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.